கஸ்டம் ரிப்போர்ட் பில்டர்: ஸ்கிரீனை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஃபீல்ட் லிஸ்ட்டை எழுதுங்க

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் ஒருதடவை சொல்லிடறேன். ஒரு பில்லிங் வெப் அப்ளிகேஷன், ஒரே டேட்டாபேஸ்ல பல கம்பெனி டேட்டா இருக்கு, ஒவ்வொரு கஸ்டமரும் வாராவாரம் "இந்த ரிப்போர்ட்ல இன்னொரு ஃபீல்ட் சேத்துக் குடுங்க"ன்னு டிக்கெட் போட்டுகிட்டே இருக்காங்க, அதனால அவங்களே ஃபீல்டை இழுத்துப் போட்டு ரிப்போர்ட் செஞ்சுக்கற மாதிரி ஒரு பில்டர் குடுத்துட்டா தொல்லை விட்டுச்சுன்னு உங்க மேனேஜர் சொல்றாரு. டேபிள் லிஸ்ட்டைக் காட்டி, யூசர் டிக் பண்ற ஃபீல்டை வெச்சு எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) ஜெனரேட் பண்ணிடலாம்னு நீங்க ப்ளான் போட்டிருக்கீங்க. எந்த டிராக் அண்ட் டிராப் லைப்ரரி நல்லது, மூணு பேரு ரெண்டு மாசத்துல முடிக்கலாமா, இதானே கேள்வி?

லைப்ரரி எதை வேணா எடுங்க, அதுல ஒண்ணும் கெட்டுப் போகாது. இழுத்துப் போடற ஸ்கிரீன் இந்த வேலையில ரொம்ப சின்னப் பகுதி, ஆனா டெமோல கைதட்டு வாங்கறது அதுதான், அதனால எல்லாரும் அங்கேயே ஆரம்பிக்கறாங்க. நான் இதை ரெண்டு தடவை கட்டியிருக்கேன், முதல் தடவை ஸ்கிரீன்ல ஆரம்பிச்சு நல்லா வாங்கிக் கட்டிகிட்டேன். ரிப்போர்ட் லேட்டா வந்தா யூசர் திட்டுவாரு, நீங்க சரி பண்ணுவீங்க. எர்ரர் வந்தா டிக்கெட் வரும், அதுவும் சரி. ஆனா ரிப்போர்ட் டக்குனு வந்து, கலர் சார்ட்டோட அம்சமா வந்து, உள்ள நம்பர் மட்டும் தப்பா இருந்தா? யாருக்கும் தெரியாது, அதை நம்பி ஒரு முடிவும் எடுத்துடுவாங்க. கீழ நான் எழுதியிருக்கறது பெரும்பாலும் இந்த ஒரு பயத்துல இருந்து வந்ததுதான்.

கோட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. போன ஆறு மாசத்து ரிப்போர்ட் டிக்கெட் எல்லாத்தையும் எடுத்து ஒரு ஷீட்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அவங்க நெஜமா என்ன கேட்டாங்கன்னு எழுதுங்க. இருக்கற ரிப்போர்ட்ல ஒரு ஃபீல்ட் கூட வேணுமா, ஃபில்டர் மாத்தணுமா, வேற விதமா குரூப் பண்ணணுமா, இல்ல நெஜமாவே புதுசா ரெண்டு விஷயத்தை சேத்துப் பாக்கணுமா. என் அனுபவத்துல கடைசி வகை ரொம்பக் கம்மி. அப்படி இருந்தா உங்களுக்கு எந்த டேபிளை எந்த டேபிளோட வேணா கோக்கற பில்டர் தேவையே இல்ல, பில் பத்தி ஒண்ணு, பில்லுக்குள்ள இருக்கற ஐட்டம் பத்தி ஒண்ணு, பேமெண்ட் பத்தி ஒண்ணுன்னு ஒரு நாலஞ்சு டேட்டாசெட்டை நீங்களே ஜாயின் (டேபிளை டேபிளோட கோக்கறது) எல்லாம் போட்டு ரெடியா வெச்சுட்டு, அதுக்குள்ள ஃபீல்ட் எடுக்கறது, ஃபில்டர் போடறது, குரூப் பண்றது, சார்ட் பண்றது மட்டும் யூசர் கையில விட்டா போதும். யூசருக்கு டேபிள் பேரே தெரியக்கூடாது. ஜாயின்ங்கற வார்த்தையும் ஸ்கிரீன்ல எங்கயும் வரக்கூடாது. இதுல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்தான், ஆனா காரணம் இருக்கு.

காரணம் இதுதான், ஒரு பேப்பர் எடுத்து கூடவே போட்டுப் பாருங்க. ஒரு பில், மொத்தம் 1000. அதுல மூணு ஐட்டம், 500, 300, 200. அந்த பில்லுக்கு ரெண்டு தவணையா பேமெண்ட் வந்திருக்கு, 600 ஒண்ணு, 400 ஒண்ணு. இப்ப யூசர் பில் டேபிள், ஐட்டம் டேபிள், பேமெண்ட் டேபிள் மூணையும் டிக் பண்றாரு, உங்க ஜெனரேட்டர் சமத்தா பில் நம்பரை வெச்சு மூணையும் ஜாயின் பண்ணுது. எத்தனை ரோ வரும்? மூணு ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ரெண்டு பேமெண்ட், ஆக ஆறு ரோ. பில் டோட்டலைக் கூட்டினா 6000. பேமெண்ட்டைக் கூட்டினா 3000. ஐட்டத்தைக் கூட்டினா 2000. மூணுமே 1000 வரவேண்டியது. எஸ்கியூஎல்ல ஒரு தப்பும் இல்ல, எர்ரரும் வராது, டேட்டாபேஸ் நீங்க கேட்டதைத்தான் குடுத்திருக்கு. ஒரே ஒரு பில் இருந்தா கண்ணுல பட்டுடும், பத்தாயிரம் பில் இருக்கற ரிப்போர்ட்ல கடைசி வரில வர்ற டோட்டலைப் பாத்து யாரால சொல்ல முடியும்?

இது கதை இல்ல. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல இதே மாதிரி ஒரு பில்டர், அதுல ஒரு கஸ்டமர் சேல்ஸ் ஆளுங்களோட வசூல் ரிப்போர்ட் ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தாங்க, சரியாத்தான் இருந்தது. அப்புறம் யாரோ அதுல ஐட்டம் கேட்டகரின்னு ஒரு ஃபீல்டை இழுத்துப் போட்டு சேவ் பண்ணிட்டாங்க. அன்னிலேர்ந்து ஒரு பில்லுல எத்தனை ஐட்டமோ அத்தனை மடங்கு வசூல் காட்டிச்சு. நெறைய சின்ன ஐட்டம் விக்கற ஆளு திடீர்னு முதலிடம், பெரிய ஐட்டம் ஒண்ணு ரெண்டு விக்கற ஆளு கடைசி. அவங்க அதை வெச்சு இன்சென்டிவ் குடுத்துகிட்டு இருந்திருக்காங்க, மூணு மாசம். கடைசில அவங்க அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு அம்மா பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒப்பிட்டுப் பாத்து "என்னங்க கணக்கு உதைக்குதே"ன்னு ஃபோன் பண்ணினாங்க. அந்த ஃபோனை எடுத்தது நான். குடுத்த இன்சென்டிவைத் திருப்பிக் கேக்க முடியாம அவங்க பட்ட சங்கடத்தை நெனச்சா எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

உடனே எல்லாரும் பண்ற ஒட்டு வேலை, சம் (கூட்டல்) போடற எடத்துல டிஸ்டிங்க்ட் சேக்கறது, அதாவது ஒரே மதிப்பு திரும்ப வந்தா ஒரு தடவை மட்டும் எடுத்துக்கறது. பண்ணாதீங்க. மேல சொன்ன பில்லுக்கு பேமெண்ட் 500, 500ன்னு ரெண்டு சமமா வந்திருந்தா, டிஸ்டிங்க்ட் போட்டா வசூல் 500ன்னு வரும். முன்னாடி அதிகமா காட்டின தப்பு இப்ப கம்மியா காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சரியான வழி என்னன்னா, கூட்டற ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சொந்த வீடு உண்டு. பேமெண்ட் தொகையோட வீடு பேமெண்ட் டேபிள், ஐட்டம் தொகையோட வீடு ஐட்டம் டேபிள். ரெண்டும் ஒரே ரிப்போர்ட்ல வேணும்னா ஒவ்வொண்ணையும் அதது வீட்டுல தனியா குரூப் பண்ணிக் கூட்டிட்டு, ரெண்டுக்கும் பொதுவான விஷயத்துல, அதாவது கஸ்டமர், மாசம் இந்த மாதிரி, கடைசியா சேக்கணும். ஐட்டம் கேட்டகரி வாரியா வசூல் கேட்டா? பேமெண்ட் பில்லுக்குத்தான் வந்தது, கேட்டகரிக்கு வரல. எப்படிப் பிரிக்கறதுன்னு உங்க பிசினஸ் ஆளுங்க ஒரு விதி சொன்னா சரி, சொல்லலன்னா அந்த காம்பினேஷனை பில்டர் அனுமதிக்கவே கூடாது, ஃபீல்ட் சாம்பல் கலர்ல போயிடணும், மேல மவுஸ் வெச்சா காரணம் ஒரு வரில வரணும்.

இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. 1990ல ஆரம்பிச்ச பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்ங்கற ரிப்போர்ட் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க யுனிவர்ஸ்னு ஒரு லேயர் வெச்சிருந்தாங்க, யூசர் டேபிளைப் பாக்காம பிசினஸ் வார்த்தையை மட்டும் பாக்கற மாதிரி. மேல சொன்ன பெருக்கல் பிரச்சினைக்கு அவங்க வட்டாரத்துல ஃபேன் டிராப், காஸம் டிராப்னு பேரே உண்டு. டேட்டா வேர்ஹவுஸ் பக்கம் ரால்ஃப் கிம்பால் காலாகாலமா சொன்னதும் இதான், ஒரு ரோன்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணு, மத்ததெல்லாம் அப்புறம். இப்ப லுக்கர்ங்கற டூல்ல லுக்எம்எல்னு எழுதறது, கியூப்ங்கற டூல்ல மாடல் எழுதறது எல்லாம் அதே யோசனையோட பேரப்பிள்ளைங்கதான். அதனால நீங்க முதல்ல கட்ட வேண்டியது ஒரு ஃபீல்ட் கேட்டலாக், சாதாரண கான்ஃபிக் ஃபைலாவே இருக்கலாம், கோடோட சேத்து கிட்ல (மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வெக்கற டூல்) கெடக்கட்டும், ரிவ்யூ பண்ண வசதி.

அதுல ஒரு ஃபீல்டுக்கு என்னென்ன எழுதணும்னு கேட்டா, மாறவே மாறாத ஒரு ஐடி, யூசருக்குத் தெரியற பேரு, டைப், எந்த டேபிள் வீடு, எந்த எக்ஸ்பிரஷன்ல கணக்கிடறோம், கூட்டலாமா சராசரி எடுக்கலாமா எண்ண மட்டும் செய்யலாமா, யாரு பாக்கலாம், எத்தனை தசமம். சொல்லும்போது சுலபமா இருக்கும், எழுத உக்காந்தா கிணறு வெட்ட பூதம் கிளம்பும். நிலுவைன்னு ஒரு ஃபீல்ட் எடுங்க. பில் தொகையில பேமெண்ட் போக மீதி. கேன்சல் ஆன பில் சேருமா? ட்ராஃப்ட்ல இருக்கற பில்? அட்வான்ஸா வந்து இன்னும் எந்த பில்லோடயும் கோக்காத பணத்தைக் கழிக்கணுமா? ரிட்டர்ன் வந்தா? சேல்ஸ் ஆளு ஒண்ணு சொல்லுவாரு, அக்கவுண்ட்ஸ் வேற சொல்லுவாங்க, ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைக்கு சரியாத்தான் சொல்லுவாங்க. அப்ப ரெண்டு ஃபீல்டா வெச்சு ரெண்டுக்கும் வேற வேற பேரு குடுங்க, ஒரே பேருல சமாதானம் பண்ணி வெக்காதீங்க. டெலிட் பண்ணின ரெக்கார்டை உங்க அப்ளிகேஷன் நெஜமா அழிக்காம தேதி மட்டும் போட்டு மறைக்குதுன்னா, அந்த கண்டிஷனும் இங்க கேட்டலாக்லதான் உக்காரணும், இல்லன்னா அழிச்ச பில் எல்லாம் ரிப்போர்ட்ல ஆவி மாதிரி வந்து நிக்கும்.

சராசரி பத்தி ஒண்ணு சொல்லணும், இதுல நெறைய பேரு விழறாங்க. திங்கக்கிழமை 2 பில், சராசரி 1000. செவ்வாய் 8 பில், சராசரி 500. ரெண்டு நாளுக்கும் சேத்து சராசரி என்ன? ரிப்போர்ட்டோட கடைசி வரில ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 750ன்னு போட்டா தப்பு, மொத்தம் 6000, பில் 10, ஆக 600தான் சரி. சதவீதம், மார்ஜின், சராசரி இந்த மாதிரி விகிதம் எல்லாத்தையும் மேல ஒரு கூட்டல் கீழ ஒரு கூட்டல்னு ரெண்டு துண்டா கேட்டலாக்ல வெச்சு, எந்த லெவல்ல காட்டறோமோ அந்த லெவல்ல கடைசியா வகுக்கணும். ஃப்ரண்ட்எண்ட்ல ஜாவாஸ்கிரிப்ட்ல சப்டோட்டல் போடறீங்கன்னா இங்கதான் அடி வாங்குவீங்க, சப்டோட்டலையும் டேட்டாபேஸ்லயே கேளுங்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இதுக்குன்னே குரூப்பிங் செட்ஸ், ரோல்அப் எல்லாம் இருக்கு. ஸ்டாக் இருப்பு, பேங்க் பேலன்ஸ் இதெல்லாம் வேற ஜாதி, கிளை வாரியா கூட்டலாம், ஆனா நாள் வாரியா கூட்டக்கூடாது, முப்பது நாள் பேலன்ஸைக் கூட்டினா வர்ற நம்பருக்கு ஒரு அர்த்தமும் கெடையாது.

யூசர் செஞ்ச ரிப்போர்ட்டை எப்படி சேவ் பண்றது? எஸ்கியூஎல்லா சேவ் பண்ணாதீங்க. எந்த டேட்டாசெட், எந்தெந்த ஃபீல்ட் ஐடி, ஃபில்டர், குரூப், வரிசை, இதை ஒரு ஜேசனா (பேரும் மதிப்பும் ஜோடியா எழுதற டெக்ஸ்ட் வடிவம்) சேவ் பண்ணி கூடவே ஒரு வெர்ஷன் நம்பர் போடுங்க. ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் அந்த ஜேசனை கேட்டலாக்கோட சேத்து எஸ்கியூஎல்லா கம்பைல் பண்ணணும், இதைச் செய்யற பகுதியைத்தான் கீழ கம்பைலர்னு சொல்றேன். அப்பதான் நாளைக்கு நீங்க டேபிளை ரெண்டா உடைச்சாலும் கேட்டலாக்ல ஒரு எடத்துல மாத்தினா பழைய ரிப்போர்ட் எல்லாம் ஓடும். அப்புறம் "போன மாசம்"னு யூசர் தேர்ந்தெடுத்தா அதை போன மாசம்னுதான் சேவ் பண்ணணும், தேதியா மாத்தி சேவ் பண்ணிட்டா அடுத்த மாசமும் அதே பழைய மாசம்தான் வரும். சிரிக்காதீங்க, நான் பண்ணியிருக்கேன்.

தேதின்னதும் ஞாபகம் வருது. டேட்டாபேஸ்ல நேரம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், யூசர் அதுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னாடி இருக்கற எடத்துல இருந்தா, அவரு காலைல அஞ்சரைக்குள்ள போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் விழும். மாசக் கடைசில இது ரெண்டு மாசத்துக் கணக்கையும் கெடுக்கும். குரூப் பண்றதுக்கு முன்னாடியே கம்பெனியோட டைம்சோனுக்கு மாத்திடுங்க, ரிப்போர்ட்டைப் பாக்கற ஆளோட பிரவுசர் டைம்சோனுக்கு இல்ல, ஏன்னா ரெண்டு ஊர்ல இருக்கற ரெண்டு பேரு ஒரே ரிப்போர்ட்டைத் திறந்தா ஒரே நம்பர்தான் வரணும். தேதி ஃபில்டரை ஆரம்ப நாள் முதல், கடைசி நாளுக்கு அடுத்த நாள் ஆரம்பிக்கற வரைக்கும்னு எழுதுங்க. 23:59:59 வரைக்கும்னு எழுதறது பழைய கெட்ட பழக்கம், அந்த கடைசி ஒரு செகண்டுக்குள்ள விழற ரெக்கார்ட் காணாமப் போகும்.

ஃபில்டர்லயே இன்னொரு கண்ணி. ஸ்டேட்டஸ் "கேன்சல்" இல்லாததுன்னு யூசர் ஃபில்டர் போடறாரு. ஸ்டேட்டஸ் காலியா, அதாவது மதிப்பே இல்லாம NULLனு (நல்) இருக்கற ரோவும் வரும்னுதான் அவரு நெனைப்பாரு, கேன்சல் ஆகலையே. ஆனா எஸ்கியூஎல்ல NULLஐ எதோட ஒப்பிட்டாலும் உண்மையும் இல்ல பொய்யும் இல்ல, அதனால அந்த ரோ சத்தமில்லாம விழுந்துடும். கம்பைலர்ல "இல்லாதது"ங்கறதுக்கு NULLஐயும் சேத்தே எழுதிடுங்க, போஸ்ட்கிரெஸ்ல இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்னு இதுக்குன்னே ஒண்ணு இருக்கு. இதே மாதிரி குரூப் பண்ற ஃபீல்ட் காலியா இருந்தா அந்த ரோவை மறைக்காம "குறிப்பிடாதது"ன்னு ஒரு வரி காட்டுங்க, இல்லன்னா டோட்டல் இடிக்கும்.

செக்யூரிட்டி. ஃபில்டர்ல யூசர் டைப் பண்ற மதிப்பை எல்லாம் பாராமீட்டரா பைண்ட் பண்ணுவீங்க, அதாவது எஸ்கியூஎல்லோட ஒட்டாம தனியா அனுப்புவீங்க, அது தெரிஞ்ச விஷயம். ஆனா டேபிள் பேரு, ஃபீல்ட் பேரு, வரிசை மேல கீழங்கறது இதையெல்லாம் பாராமீட்டரா பைண்ட் பண்ண முடியாது, ரிப்போர்ட் பில்டர்ல ஓட்டை விழறது பெரும்பாலும் இங்கதான். பிரவுசர்ல இருந்து ஃபீல்ட் ஐடி மட்டும் வரட்டும், அந்த ஐடி கேட்டலாக்ல இருந்தா அங்க எழுதியிருக்கற எக்ஸ்பிரஷனை எடுங்க, இல்லன்னா ரிக்வெஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க. பிரவுசர் அனுப்பின ஒரு எழுத்து கூட நேரா எஸ்கியூஎல்ல ஒட்டக்கூடாது.

ஒரே டேட்டாபேஸ்ல பல கம்பெனின்னு சொன்னீங்க, அதுக்கு ரெண்டு பூட்டு போடுங்க. ஒண்ணு, கம்பைலர் எந்த டேபிளைத் தொட்டாலும் கம்பெனி ஐடி கண்டிஷனை அதுவே சேக்கணும். ரெண்டாவது, போஸ்ட்கிரெஸ்ஸா இருந்தா ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது யாரு எந்த ரோவைப் பாக்கலாம்னு பாலிசி எழுதி டேட்டாபேஸையே காவல் காக்க விடறது, 9.5 வெர்ஷன்ல, 2016ல வந்தது. ஆனா அதுல டேபிளோட ஓனருக்கு பாலிசி பொருந்தாது, நீங்களா ஃபோர்ஸ் பண்ணாதவரைக்கும், அதனால ரிப்போர்ட்டுக்கு ஓனர் இல்லாத, படிக்க மட்டும் உரிமை உள்ள தனி டேட்டாபேஸ் யூசர் வெச்சுக்கோங்க. வியூ (சேவ் பண்ணி வெச்ச க்வெரி) வழியா போனீங்கன்னா வியூ ஓனரோட உரிமையிலதான் ஓடும், அதை மாத்த செக்யூரிட்டி இன்வோக்கர்னு ஒரு ஆப்ஷன் வெர்ஷன் 15லதான் வந்தது. மெட்டீரியலைஸ்டு வியூ (ரிசல்ட்டையும் சேத்து வெக்கற வியூ) மேல பாலிசி போடவே முடியாது. கனெக்ஷன் பூல் (ஒரே கனெக்ஷனை மாத்தி மாத்திப் பலருக்குக் குடுக்கறது) இருந்தா கம்பெனி ஐடியை டிரான்சாக்ஷனுக்குள்ள செட் லோக்கல்ல வைங்க, செஷன்ல வெச்சா அந்த கனெக்ஷன் அடுத்த கம்பெனிக்காரர் கைக்குப் போகும்போது பழைய ஐடியோடயே போகும். இது நடந்தா மன்னிப்பு கேட்டு மெயில் எழுதறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது.

பெர்மிஷன்ல எல்லாரும் மறக்கறது ஒண்ணு இருக்கு. ஒரு ஃபீல்டைப் பாக்க உரிமை இல்லன்னா, அதுல ஃபில்டர் போடவும் வரிசைப்படுத்தவும் உரிமை இருக்கக்கூடாது. கொள்முதல் விலை ஃபீல்டை சேல்ஸ் ஆளுக்கு மறைச்சிருக்கீங்கன்னு வைங்க, ஆனா ஃபில்டர் லிஸ்ட்ல அது இருக்கு. அவரு கொள்முதல் விலை 500க்கு மேலன்னு போட்டுப் பாக்கறாரு, ஐட்டம் வருது. 600க்கு மேல, வரல. 550க்கு மேல, வருது. பத்து தடவையில விலை கையில. அதே மாதிரி மெயில்ல தானா போற ஷெட்யூல் ரிப்போர்ட், யாரு பெர்மிஷன்ல ஓடணும்? செஞ்சவரு முதலாளி, வாங்கறவரு நேத்து சேந்த ஆளுன்னா? நான் வாங்கற ஒவ்வொருத்தர் பெர்மிஷன்லயும் தனித்தனியா ஓட்டறேன், கொஞ்சம் லோடுதான், பரவால்ல. வேலையை விட்டுப் போனவரோட ஷெட்யூல் தானா நின்னுடணும், அதையும் மறக்காதீங்க.

வேகம் பத்தி நெறைய பேசலாம், ஆனா ஆரம்பத்துல அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்ல. ரிப்போர்ட்டை மெயின் டேட்டாபேஸ்ல ஓட்டாதீங்க, ரீட் ரெப்ளிகால (படிக்க மட்டும் இருக்கற நகல்) ஓட்டுங்க, ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் (க்வெரிக்கு நேர வரம்பு) வைங்க, ஒரு கம்பெனிக்கு ஒரே நேரத்துல ரெண்டு ரிப்போர்ட்தான்னு கட்டுப்பாடு வைங்க, யூசர் பக்கத்தை மூடினா க்வெரியையும் கேன்சல் பண்ணுங்க. ரெப்ளிகால பெரிய க்வெரி ஓடும்போது ரெக்கவரியோட (மெயின்ல நடந்த மாத்தத்தை நகல்ல ஏத்தற வேலை) மோதுதுன்னு சொல்லி போஸ்ட்கிரெஸ்ஸே அதைக் கொன்னுடும், டீஃபால்ட்ல 30 செகண்ட்தான் பொறுக்கும், அந்த எர்ரரைப் பாத்து பயந்துடாதீங்க, செட்டிங் இருக்கு. ப்ரீவியூல 100 ரோ காட்டும்போது குரூப் பண்ணினதுக்கு அப்புறம்தான் லிமிட் போடணும். முன்னாடியே 100 ரோ எடுத்து அதைக் குரூப் பண்ணிக் காட்டினா வேகமா வரும், ஆனா அது பொய் நம்பர், யூசர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மீட்டிங்ல காட்டிடுவாரு. மெதுவா இருக்கற டேட்டாசெட்டுக்கு மட்டும் மெட்டீரியலைஸ்டு வியூ போடுங்க, படிக்கறவங்களை நிறுத்தாம ரிஃப்ரெஷ் பண்ண கன்கரண்ட்லிங்கற ஆப்ஷன் வேணும், அதுக்கு ஒரு யுனிக் இண்டெக்ஸ் கட்டாயம். ரிப்போர்ட் தலைப்புக்குக் கீழயே "இத்தனை மணி வரைக்குமான டேட்டா"ன்னு போட்டுடுங்க, பாதி டிக்கெட் அதுலயே அடங்கும்.

எக்ஸ்போர்ட்டை பேக்கிரவுண்ட் ஜாபா க்யூல போடுங்க, கர்சர் வெச்சு துண்டு துண்டா எழுதுங்க, மொத்த ரோவையும் மெமரில ஏத்தினா சர்வர் ஒருநாள் படுத்துக்கும். எக்செல் ஷீட்ல 10,48,576 ரோதான், அதுக்கு மேல போனா பிரிக்கணும். சிஎஸ்வி ஃபைலை நேரா எக்செல்ல திறக்கறவங்க அதிகம், யூடிஎஃப் 8 எழுதும்போது ஆரம்பத்துல பிஓஎம் (இது யூடிஎஃப் 8னு சொல்ற குறி) போடலன்னா தமிழ்ப் பேரெல்லாம் கந்தரகோலமா தெரியும். செல் ஆரம்பத்துல சமக்குறி, பிளஸ், மைனஸ், அட் குறி இருந்தா எக்செல் அதை ஃபார்முலான்னு எடுத்துக்கும், யாரோ கஸ்டமர் பேருங்கற எடத்துல வேணும்னே ஒரு ஃபார்முலாவை எழுதி வெச்சா உங்க எக்ஸ்போர்ட்டைத் திறக்கற ஆளு மாட்டிக்குவாரு. டெக்ஸ்ட் ஃபீல்டுல அப்படி இருந்தா முன்னாடி ஒரு சிங்கிள் கோட் சேருங்க, நெகட்டிவ் நம்பருக்கு சேத்துடாதீங்க. 15 இலக்கத்துக்கு மேல இருக்கற அக்கவுண்ட் நம்பரை நம்பரா எழுதினா எக்செல் கடைசி இலக்கத்தை எல்லாம் சைபராக்கிடும், டெக்ஸ்டா எழுதுங்க.

ஸ்கிரீனுக்கு வர்றேன். காலி ஸ்கிரீனைக் காட்டி "இழுத்துப் போடு"ன்னா பாதிப் பேரு திரும்பிப் போயிடுவாங்க. ரெடியா பத்து ரிப்போர்ட் குடுத்து "இதைக் காப்பி பண்ணி மாத்திக்கோ"ன்னு விடுங்க, எல்லாரும் அப்படித்தான் பழகுவாங்க. ஃபீல்ட் லிஸ்ட்ல தேடற வசதி வேணும். ஃபில்டர்ல ஆண்ட், ஆர் கலந்து அஞ்சு லெவல் அடுக்கு எல்லாம் குடுக்காதீங்க, ஒரு லெவல் குரூப் போதும். இதெல்லாத்தையும் விட முக்கியமானது, எந்த நம்பர் மேல க்ளிக் பண்ணினாலும் அந்த நம்பர் எந்தெந்த ரோவால வந்ததுன்னு திறந்து காட்டணும். ரெண்டாவது தடவை கட்டினப்ப இதை முதல் ரிலீஸ்லயே வெச்சோம், "நம்பர் தப்பா இருக்கு"ன்னு வர்ற ஃபோன் அப்படியே கொறஞ்சிடுச்சு, தப்பு இருந்தாலும் யூசரே எந்த ரோவுல இடிக்குதுன்னு சொல்லிடுவாரு.

சொந்தமா கட்டணுமா, மெட்டாபேஸ், சூப்பர்செட் மாதிரி ரெடியா இருக்கற ரிப்போர்ட் டூல் எதையாவது உள்ள வெச்சுடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா மேனேஜர் கேப்பாரு. உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும்னா கட்டவே கட்டாதீங்க, மெட்டாபேஸை நிறுவிட்டு வேற வேலையைப் பாருங்க. கஸ்டமருக்குன்னா கம்பெனி வாரியா பிரிக்கறது, உங்க பெர்மிஷன், உங்க ஸ்கிரீனோட தோற்றம், லைசென்ஸ் இதெல்லாம் எவ்வளவு தூரம் ஒத்துப் போகுதுன்னு ரெண்டு வாரம் ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. எப்படிப் போனாலும் கேட்டலாக் வேலை உங்க தலையிலதான், அதை யாரும் செஞ்சு தரமாட்டாங்க. உங்க நிலைமையில எனக்குப் பிடிச்ச வழி, கேட்டலாக்கும் கம்பைலரும் சொந்தமா, சார்ட்டும் டேபிள் கம்போனன்ட்டும் இருக்கறதுலேர்ந்து எடுக்கறது.

டெஸ்ட் எழுதறதுக்கு ஒரு நல்ல வழி சொல்றேன். குரூப் ஃபீல்ட் ஒண்ணைப் புதுசா சேத்தா மொத்த டோட்டல் மாறவே கூடாது. மாசம் வாரியா வசூல் 1000ன்னா, மாசம் கூட கஸ்டமர், கூட பேமெண்ட் வகைன்னு எதைச் சேத்தாலும் 1000தான். ஒரு டேட்டாசெட்ல இருக்கற குரூப் ஃபீல்டை எல்லாம் ரெண்டு ரெண்டா சேத்து ஸ்கிரிப்ட்டையே ஓட்ட விட்டு, ஒவ்வொரு தடவையும் டோட்டல் மாறுதான்னு பாக்கச் சொல்லுங்க, மேல நான் சொன்ன பெருக்கல் தப்பு எங்க ஒளிஞ்சிருந்தாலும் ராத்திரி ஓடற அந்த டெஸ்ட்ல மாட்டும். கூட்டறது, எண்ணறதுக்குத்தான் இது செல்லும், சராசரிக்கு செல்லாது. டெஸ்ட் டேட்டால ஒரு பில்லுக்கு ரெண்டு பேமெண்ட், மூணு ஐட்டம், பேமெண்ட்டே இல்லாத பில், காலி ஸ்டேட்டஸ், ராத்திரி பன்னெண்டை ஒட்டின நேரம் எல்லாம் கண்டிப்பா இருக்கணும். இப்ப இருக்கற பழைய ரிப்போர்ட் ஒவ்வொண்ணையும் புது பில்டர்ல செஞ்சு ரெண்டு நம்பரும் ஒத்துப் போகுதான்னும் பாருங்க. ஒத்துப் போகலன்னா பழசுதான் தப்பா இருக்கவும் வாய்ப்பு உண்டு, எங்களுக்கு ரெண்டு ரிப்போர்ட் அப்படி மாட்டிச்சு.

ரெண்டு மாசம் போதுமான்னா, மூணு பேருக்கு ரெண்டு டேட்டாசெட், ஃபில்டர், குரூப், சிஎஸ்வி, க்ளிக் பண்ணினா ரோ காட்டறது, இவ்வளவு முடியும். முதல் மூணு வாரம் ஒருத்தரு முழுசா அக்கவுண்ட்ஸ் ஆளுங்க பக்கத்துல உக்காந்து கேட்டலாக் எழுதணும், அந்த நேரத்துல மத்த ரெண்டு பேரு கம்பைலரும் மேல சொன்ன கம்பெனி பூட்டும் பண்ணலாம். சார்ட், ஷெட்யூல் மெயில், பிவட் எல்லாம் அடுத்த ரவுண்டு. மேனேஜர் டெமோவுக்கு சார்ட் வேணும்னு நிக்கறாருன்னா ஒரே ஒரு பார் சார்ட் போட்டுக் குடுத்துடுங்க, அரை நாள் வேலைதான்.